சமதூரம் கெடாத போர்

"உறுப்பு நாடுகளுக்கிடையே போர் நிகழாது, நிகழும் என்று கருதவும் இடமில்லை" என்ற வாக்கியத்தை அமல்ராணி பதினோரு தடவை தட்டச்சு செய்தாள். பதினோராவது தடவையை அடித்து முடித்த அன்று, இரண்டு உறுப்பு நாடுகளுக்கிடையே போர் தொடங்கிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டில் ஒன்றின் துறைமுகத்தில்தான் அவள் புருஷன் இருதயராஜ் கிரேன் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அது எண்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. எந்த வல்லரசின் பக்கமும் சாயாமல், தங்களுக்கென்று ஒரு வெளியுறவுக் கொள்கையும் ஒரு பாதுகாப்பு வியூகமும் வகுத்துக்கொள்வது அதன் நோக்கம். வகுப்பதற்கு ஒரு நிறுவனம் வேண்டும். எந்த நாட்டுத் தலைநகரைச் சொன்னாலும் எட்டு நாடுகள் ஆட்சேபித்தன. கடைசியில், எந்த நாட்டுக்காரனும் கேள்விப்பட்டிராத ஊரின் மேல் எந்த நாட்டுக்கும் பகை இருக்க முடியாது என்ற அடிப்படையில் திண்டிவனம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த மறுவாரம், ரயில் ஜங்ஷன் உள்ள ஊரை விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு உள்ள ஊருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று விழுப்புரத்தில் உண்ணாவிரதம் நடந்தது. அதனால் நிறுவனம் இரண்டாக வெட்டப்பட்டது. பாதுகாப்புப் பிரிவு திண்டிவனத்தில். வெளியுறவுப் பிரிவு விழுப்புரத்தில்.

திண்டிவனத்தில் மயிலம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இயக்குநர் டாக்டர் சக்கரபாணிக்கு மணமகள் அறை. அதில் ஆளுயரக் கண்ணாடி இருந்ததால் அவர் எதையும் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்வார். பந்திக் கூடத்தில் கடல் வரைபடங்கள் விரித்திருக்கும். முகூர்த்த நாட்களில் மண்டபத்தை உரிமையாளருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகையால் வைகாசியிலும் ஆவணியிலும் ஒன்பது நாடுகளின் பாதுகாப்பும் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும்.

நிறுவனத்தின் உயிர்மூச்சு சமதூரக் கோட்பாடு. இரண்டு வல்லரசுகளிடமிருந்தும் எப்போதும் சமமான தூரத்தில் நிற்பது. முதலாம் வல்லரசு அன்பளிப்பாக ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் அனுப்பியது. அதைக் கேள்விப்பட்ட இரண்டாம் வல்லரசு ஒரு ஜெனரேட்டர் அனுப்பியது. இரண்டும் வந்து இறங்கிய பிறகு ஒரு சிக்கல் முளைத்தது. மின்சாரம் நிற்கும்போது இரண்டாம் வல்லரசின் ஜெனரேட்டரில் முதலாம் வல்லரசின் ஜெராக்ஸை ஓட்டினால், இரண்டு வல்லரசுகளும் திண்டிவனத்தில் ரகசியமாகக் கைகோத்துவிட்டதாக அர்த்தம் ஆகிவிடாதா? ஜெராக்ஸை மட்டும் ஓட்டினால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடாதா? ஆறு மாதம் ஆலோசித்து இரண்டையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கார்பன் வைத்து அடிக்கலாம் என்றால், எந்த நாட்டுக்கு அசல், எந்த நாட்டுக்குக் கார்பன் என்ற மானப் பிரச்சினை. ஆகவே ஒன்பது நாடுகளுக்கு ஒன்பது, இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு, எல்லாம் அசலாக, ஒவ்வொரு கடிதத்தையும் அமல்ராணி பதினோரு தடவை அடித்தாள்.

நாடுகளின் பெயரை எழுதுவதும் தடை. அகர வரிசையில் எழுதினால் எந்த மொழியின் அகரம் என்று சண்டை வந்தது. சீட்டுக் குலுக்கி எண் கொடுத்துவிட்டார்கள். இருதயராஜ் இருந்தது நான்காம் நாடு. அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஏழாம் நாடு.

ஜூலை மூன்றாம் தேதி ராத்திரி வெளிநாட்டு வானொலித் தமிழ்ச் செய்தியில் நான்காம் நாட்டுத் துறைமுகத்தின் மேல் முந்தின நாள் குண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். மாமியார் சூசை மேரி ரேடியோவை அணைக்கவில்லை. மற்ற செய்திகளெல்லாம் முடிந்து பாட்டு வந்தது, பாட்டும் முடிந்து இரைச்சல் வந்தது. பிறகுதான் கேட்டாள்.

"உன் ஆபீசு நாடு நாடா பேசுற ஆபீசுதானே ராணி? நாளைக்குக் கேட்டுக்கினு வா."

அமல்ராணிக்கும் அதுதான் தோன்றியது. ஊரில் மற்றவர்கள் புருஷனைப் பற்றிக் கேட்க சென்னைக்கும் டில்லிக்கும் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவளுக்கு ஒன்பது நாடுகளும் அடுத்த அறையில் இருந்தன.

டாக்டர் சக்கரபாணி கடல் கணவாய்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். மரக்காணம் கடற்கரை திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், நேரில் பார்த்தால் ஆய்வின் புறவயத் தன்மை கெட்டுவிடும் என்று போனதில்லை. அமல்ராணி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, குண்டு போட்டது எந்த வல்லரசு என்று கேட்டார். வல்லரசு இல்லை சார், ஏழாம் நாடு என்றாள் அவள். அவர் கண்ணாடியில் தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. போர்னு ஒண்ணு நடக்கணும்னா அதுக்கு ஒரு வல்லரசு வேணும். சின்ன நாடும் சின்ன நாடும் மோதிக்கிறதுக்கு நம்ம கோட்பாட்டுல இடமே வைக்கலை. இடமே வைக்காத ஒரு விஷயம் எப்படி நடக்கும், சொல்லுங்க? நீங்கதானே அந்த வாக்கியத்தை டைப் பண்ணீங்க?"

நான்தான் சார் என்றாள் அமல்ராணி. அப்புறம் என்ன என்றார் அவர்.

ஆனாலும் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. அச்சுறுத்தல் அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதை நிரப்பித் தந்தால் முறைப்படி விசாரிக்கலாம் என்றார். படிவத்தின் ஆறாம் கட்டத்தில் 'அச்சுறுத்தும் வல்லரசு: முதலாவது / இரண்டாவது, பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது. அமல்ராணி இரண்டையும் அடித்துவிட்டுக் கொடுத்தாள். மறுநாள் படிவம் திரும்பி வந்தது. இரண்டையும் அடித்தால் அச்சுறுத்தலே இல்லை என்று பொருள் என ஓரத்தில் குறிப்பு எழுதி, தனி நபர் சம்பந்தப்பட்டதால் இது வெளியுறவுப் பிரிவைச் சேர்ந்தது என்று கீழே இன்னொரு குறிப்பும் எழுதியிருந்தார்.

அவள் அரை நாள் லீவு போட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். வெளியுறவுப் பிரிவு ஜங்ஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜின் முதல் மாடியில் இருந்தது. அதன் இயக்குநர் சீனுவாசன் வெளிநாட்டுத் தூதரகங்களில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு நாடுகளில் இருந்ததாகவும், எட்டிலும் யாரையும் புண்படுத்தும்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்றும் சொல்வார். வேறு என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை. ரயில் எஞ்சின் ஊதும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது முடிந்ததும் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார்.

அவருடைய விளக்கம் இது. நான்காம் நாட்டிடம் 'உங்கள் துறைமுகத்தில் எங்கள் ஆள் பத்திரமா' என்று கேட்டால், துறைமுகம் பத்திரமாக இல்லை என்று நாம் சொன்னதாக ஆகும். அது நான்காம் நாட்டுக்கு அவமானம். ஏழாம் நாட்டிடம் கேட்டால், குண்டு போட்டது நீதான் என்று குற்றம் சாட்டியதாக ஆகும். அது ஏழாம் நாட்டுக்கு அவமானம். இருவரும் 'கேட்டுக்கொள்ளலாம்' என்று எழுத்து மூலம் சம்மதித்தால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சம்மதமா என்று கேட்பதும் கேட்பதுதானே.

"அப்ப என்னா சார் பண்றது?" என்றாள் அமல்ராணி.

"மௌனம்மா. பெரிய பெரிய நாட்டுக்கெல்லாம் அணுகுண்டு இருக்கு. நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதை அனாவசியமா செலவு பண்ணக் கூடாது."

படிவம் தபால் பையில் வராமல் கையில் வந்ததால் அதைப் பெற்றுக்கொள்ள இயலாது என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொரு முறை வரும்போது பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம், கேட்டிருக்கிறேன் அத்தை, பார்க்கிறேன் என்கிறார்கள் என்றாள். சூசை மேரி மறுநாளிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தாள். அவர் சைக்கிளை நிறுத்தாமல் போகும்போது, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். பத்து நாள் கழித்து அவர் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் மாதம் முழுக்கக் காலி. எனவே ஒன்பது நாடுகளின் வியூக மாநாடு ஆடி மாதத்துக்கு நிச்சயிக்கப்பட்டது. அதற்கு முன் இரண்டு பிரிவுகளும் சேர்ந்து ஒரே நிலைப்பாட்டை எடுத்தாக வேண்டும். சக்கரபாணி விழுப்புரத்துக்குப் போனால் பாதுகாப்பு வெளியுறவுக்கு அடங்கியதாக ஆகும். சீனுவாசன் திண்டிவனத்துக்கு வந்தால் அதற்கு நேர்மாறு. நடுவில் கூட்டேரிப்பட்டில் சந்திக்கலாம் என்று பேசி முடித்த பிறகு, அது திண்டிவனத்துக்குப் பக்கம் என்று விழுப்புரம் ஆட்சேபித்தது. சங்கிலி பிடித்து அளந்து பார்த்ததில் இரண்டு ஊருக்கும் சரிநடு, விக்கிரவாண்டிக்கு வடக்கே வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் விழுந்தது.

அங்கே இரண்டு மேஜை போட்டார்கள். நடுவில் சுருக்கெழுத்து நோட்டோடு அமல்ராணி. இரண்டு ஜீப்புகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதற்காக வழியில் தனித்தனியே காத்திருந்து வந்தன. வெயில் தலையில் இறங்கியது. நடந்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் பொருள். 'மோதல்' என்றார் சக்கரபாணி. கடுமையாக இருக்கிறது என்றார் சீனுவாசன். 'உரசல்', 'பிணக்கு', 'மனத்தாங்கல்' என்று ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, மூன்று மணி நேரம் கழித்து 'வேகமான கருத்து வேறுபாடு' என்பதில் வந்து நின்றார்கள். 'வேகமான' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று இழுபறி நடந்தபோது கொல்லைக்காரி வெள்ளையம்மாள் வரப்பில் வந்து நின்றாள். கையில் களைக்கொத்து.

"யாரைக் கேட்டு கொல்லையில எறங்குனீங்க? காய் முத்துற நேரத்துல செடி மேல மேசை போட்டுக்கினு குந்திக்கினு இருக்கீங்க."

சீனுவாசன் எழுந்து, இது இரு தரப்புக்கும் பொதுவான இடம் என்பதைத் தம் பாணியில் எடுத்துச் சொன்னார். எங்கள் மாமனார் கிணறு வெட்டிய இடம் எப்போது பொது இடமாயிற்று என்று அவள் கேட்டாள். சக்கரபாணி, இது இரண்டு நாடுகள் சம்பந்தப்பட்ட முக்கியமான விஷயம் என்றார்.

"என்னா விசயம்? ரெண்டு நாட்டுக்கும் சண்டையா?"

இருவரும் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அமல்ராணி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, ஆமாங்க, சண்டை என்றாள்.

"சண்டைன்னா அங்க போய் வெலக்கி வுடணும். எங் கொல்லையில வந்து என்னா பண்றீங்க? ஜல்தியா எடுத்துக்கினு போங்க."

களைக்கொத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், அவ்வளவுதான். இரண்டு பிரிவுகளும் தங்கள் வரலாற்றில் முதல் முறையாக ஒரே ஜீப்பில் ஏறின. நசுங்கிய செடிகளைப் பார்த்து அமல்ராணி மன்னிப்புக் கேட்டாள். உனக்கு அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று வெள்ளையம்மாள் கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. அமல்ராணி சொன்னதும், களைக்கொத்தைத் தரையில் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றாள்.

கூட்டத்தின் குறிப்பில், உள்ளூர் மக்கள் கூட்டமைப்பின் முயற்சிகளில் ஆர்வத்துடன் நேரடியாகப் பங்கேற்றார்கள் என்று பதிவாயிற்று.

மாநாட்டுக்கு ஒன்பது நாட்டுப் பிரதிநிதிகளும் விழுப்புரத்தில் ரயிலிலிருந்து இறங்கி, வெளியுறவுப் பிரிவின் மாலையை வாங்கிக்கொண்டு, காரில் திண்டிவனம் வந்து, பாதுகாப்புப் பிரிவின் மாலையை வாங்கிக்கொண்டார்கள். மண்டப வாசலில் நிரந்தரமாக இருந்த 'நல்வரவு' விளக்குகளோடு மணமக்கள் பெயர் எழுதுகிற பலகையில் 'வியூக மாநாடு' என்று எழுதியிருந்தது. முதல் நாள் முழுவதும் சக்கரபாணி பேசினார். பந்திக் கூடத்து மேஜையில் கடல் வரைபடம். முதலாம் வல்லரசின் கப்பல்களுக்குச் சிவப்புச் சட்டைப் பொத்தான்கள், இரண்டாம் வல்லரசுக்கு நீலப் பொத்தான்கள். அவை எல்லாமும் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நின்றன. அவை கிளம்பினால் எத்தனை நாளில் வரும், வந்தால் எந்தக் கணவாயை அடைப்பது என்று ஒரு குச்சியால் காட்டினார். தண்ணீர்க் கூஜாவை வைக்க மேஜையில் வேறு இடம் இல்லாததால் நான்காம் நாட்டுத் துறைமுகத்தின் மேல் வைத்திருந்தார்கள்.

நான்காம் நாட்டுப் பிரதிநிதியும் ஏழாம் நாட்டுப் பிரதிநிதியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். இருவரும் லண்டனில் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். மத்தியானம் ஒரே இலைப் பந்தியில் உட்கார்ந்து, ஒருவர் அப்பளத்தை மற்றவருக்கு எடுத்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மோர் பரிமாறும் சாக்கில் அமல்ராணி அருகில் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான்காம் நாட்டுக்காரரிடம் கேட்டாள். என் கணவர் உங்கள் துறைமுகத்தில் வேலை செய்கிறார், குண்டு விழுந்த பிறகு கடிதம் இல்லை.

அவர் முகம் மாறவில்லை. அம்மா, எங்கள் துறைமுகத்தில் குண்டு எதுவும் விழவில்லை. விழுந்தது என்று ஒப்புக்கொண்டால் ஒரு கப்பலும் வராது என்றார். ஏழாம் நாட்டுக்காரர் மோரைக் கீழே வைத்துவிட்டு, என் நண்பர் சொல்வது சரி, எங்கள் விமானம் எதுவும் அன்றைக்குப் பறக்கவே இல்லை என்றார். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். கூட்டமைப்பு தோன்றிய நாளிலிருந்து இரண்டு உறுப்பு நாடுகள் ஒரு விஷயத்தில் முழுமையாக உடன்பட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றிருந்த சீனுவாசன் கண் கலங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக அமல்ராணிக்குத் தகவல் வந்தது. மாநாட்டு அட்டை இல்லாததால் உள்ளே விடவில்லை. இடது கையில் பெரிய கட்டு. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்து ஆள், பெயர் கண்ணையன், இருதயராஜோடு ஒரே அறையில் இருந்தவன். பம்பாயில் கப்பல் இறங்கி, ரயில் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொல்லி முடிக்கிறவரை தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலைல எட்டு மணி இருக்கும் அண்ணி. அண்ணன் கிரேன் மேல ஏறி கிரீஸ் வச்சிக்கினு இருந்தாரு. மூணு பிளேன் கடல் பக்கமா தாழ வந்துச்சு. மொதல் குண்டு தண்ணியில வுழுந்துச்சு. நான் எறங்குங்கண்ணேன்னு கத்துனேன். அவரு எறங்க ஆரம்பிச்சிட்டாரு. பாதி ஏணி எறங்கிட்டாரு அண்ணி."

அதற்கு மேல் அவன் சொன்னது கொஞ்சம்தான். மறுநாள் புல்டோசர் வைத்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தள்ளிவிட்டார்கள். ஊருக்கு வெளியே மணலில் ஒரே குழி. இவனும் கூட வேலை பார்த்தவர்களுமாக எட்டுப் பேர் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

அமல்ராணி அங்கே கிடந்த பிரதிநிதிகளின் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அப்போது பந்தி முடிந்து வெற்றிலையோடு வந்த டாக்டர் சக்கரபாணி நின்று, என்ன விஷயம் என்று விசாரித்தார். கண்ணையன் மறுபடி ஒரு தடவை சொன்னான். சக்கரபாணியின் முகத்தில் முதல் தடவையாக ஆர்வம் தெரிந்தது. அந்த விமானம் எந்த வல்லரசு செய்தது என்று கேட்டார். ஒரு வல்லரசின் கை அதில் இருந்தால் ஆறாம் கட்டத்தை நிரப்பிவிடலாம், கோட்பாட்டுக்குள் இது வந்துவிடும், முறையாக ஒரு கண்டனமும் தெரிவிக்கலாம்.

கண்ணையன் யோசித்தான். "அங்க பேசிக்கினாங்க சார். பிளேனு ஒருத்தன் குடுத்ததாம். குண்டு இன்னொருத்தன் குடுத்ததாம்."

சக்கரபாணி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"விமானம் ஒருத்தர், குண்டு இன்னொருத்தர். அப்ப சமதூரம் கெடலை," என்றார்.

அன்று மாலையே மாநாடு ஓர் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. நிறுவன ஊழியரின் கணவர் என்பதால் செய்யத்தான் வேண்டும் என்று சீனுவாசன் வாதாடினார். அதற்காக அமல்ராணி அவருக்கு நன்றி சொல்லவும் வேண்டியிருந்தது. வாசகத்தை ஒன்பது நாடுகளும் திருத்தின. 'குண்டுவீச்சில்' என்பதை நான்காம் நாடும் ஏழாம் நாடும் சேர்ந்து நீக்கின. 'தீ விபத்தில்' என்று மாற்றியதை, தீயணைப்புத் துறைக்கு இழுக்கு என்று நான்காம் நாடு நீக்கியது. 'துறைமுகத்தில்' என்பதை இரண்டாம் நாடு நீக்கியது. அதற்குக் காரணம் சொல்லவில்லை. கடைசியில் மிஞ்சியது, 'வெப்பம் மிகுந்த சூழலில் ஒரு தொழிலாளி இயற்கை எய்தினார்' என்பதுதான். அதை மாநாட்டு அறிக்கையில் சேர்த்து அடிக்கச் சொல்லி அமல்ராணியிடம் கொடுத்தார்கள். மூன்று நாள் லீவு கொடுத்து, லீவு முடிந்து வந்து அடித்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

உடல் இல்லாமல் பூசை நடந்தது. சூசை மேரி அழவில்லை. அமல்ராணி வேலைக்குக் கிளம்பிய நாளில் மட்டும், உன் ஆபீசில் என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அமல்ராணி சொன்னாள்.

"வெயிலு தாங்காம செத்தான்னா எழுதுறாங்க? ஆனத்தூர் வெயில்ல கரும்பு வெட்டுனவன்டி அவன்."

அறிக்கையில் எண்பத்தொரு பத்திகள். முதல் நாற்பது வெளியுறவுப் பிரிவுக்கு, கடைசி நாற்பது பாதுகாப்புப் பிரிவுக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். நட்டநடுவில் நாற்பத்தொன்றாவதாக அனுதாபத் தீர்மானம். அது எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. நாற்பதாம் பத்தி வரை அமல்ராணி ஒழுங்காக அடித்தாள். 'வெப்பம் மிகுந்த' என்று அடிக்கப் போனபோது விரல் நகரவில்லை. அது தைரியம் அல்ல. தைரியசாலி என்று அவளை யாரும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை. பொய் என்பதற்காகவும் அல்ல. அதற்கு முன் அடித்த நாற்பதும் பொய்தான், அவற்றுக்கெல்லாம் விரல் நகர்ந்தது. இதற்கு நகரவில்லை, அவ்வளவுதான்.

அவள் வேறு அடித்தாள். ஜூலை இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஏழாம் நாட்டின் மூன்று விமானங்கள் நான்காம் நாட்டின் துறைமுகத்தின் மேல் குண்டு வீசின. கிரேன் ஏணியில் பாதி இறங்கியிருந்த திண்டிவனம் இருதயராஜ், வயது முப்பத்தாறு, அதில் இறந்தார். விமானத்தை ஒரு வல்லரசும் குண்டை இன்னொரு வல்லரசும் கொடுத்திருந்தன. இந்த இரண்டு நாடுகளின் பிரதிநிதிகளும் இது நடக்கவில்லை என்று மாநாட்டில் சேர்ந்து சொன்னார்கள். இதை இங்கிலீஷில், ஒவ்வொரு படிக்கும் புதுத்தாள் வைத்து, பதினோரு தடவை அடித்தாள். ஏழாவது படியில் அவன் வயதைத் தப்பாக அடித்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். மேஜை இழுப்பறையைக்கூடச் சுத்தம் செய்து வைத்தாள். டாக்டர் சக்கரபாணி தம் நாற்பது பத்திகளையும் படித்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். சீனுவாசனும் தம் நாற்பதைப் படித்துக் கையெழுத்திட்டார். நாற்பத்தொன்று இருந்த பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வேலியை எட்டிப் பார்க்காதது போன்ற நாகரிகத்தோடு இருவருமே கையெழுத்து மட்டும் போட்டார்கள். அரக்கு முத்திரையோடு அறிக்கை ஒன்பது தலைநகரங்களுக்கும் போயிற்று.

அவள் காத்திருந்தாள். ஐப்பசியில் பாராட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் நாடு தெளிவைப் பாராட்டியிருந்தது. நான்காம் நாடு தொலைநோக்கைப் பாராட்டியிருந்தது. ஏழாம் நாட்டின் அமைச்சகம், எல்லாத் தரப்பையும் சமமாக நடத்தியிருக்கிற அறிக்கை என்று எழுதி, இன்னும் பத்துப் படிகள் கேட்டிருந்தது. அந்தப் பத்தையும் அமல்ராணி அடித்தாள். சக்கரபாணி கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மணமகள் அறையில் மாட்டினார். எல்லோரும் படித்துவிட்டு, பயந்துபோய்ச் சும்மா இருக்கிறார்களா என்று அமல்ராணிக்கு முதலில் ஒரு சந்தேகம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இருதயராஜ் எப்படிச் செத்தான் என்பது ஒன்பது நாட்டு அலமாரிகளில் அரசாங்க முத்திரையோடு பத்திரமாக இருந்தது. அதைவிட நன்றாக அதை யாரும் புதைத்திருக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, 'தட்டச்சாளர், திண்டிவனம்' என்று மட்டும் முகவரி போட்ட ஒரு கடிதம் வந்தது. அஞ்சல் தலை ஏழாம் நாட்டினுடையது. அமைச்சகத் தாள் அல்ல; வெறும் வெள்ளைத் தாள். ஒழுங்கான ஓரம் விட்டு இங்கிலீஷில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்து இல்லை.

'நாற்பத்தொன்றாம் பத்தியில் ஒரு பிழை. விமானங்கள் மூன்று என்று அடித்திருக்கிறீர்கள். போனவை நான்கு. திரும்பி வந்தவை மூன்று. நான்காவதை ஓட்டியது என் அண்ணன்; நான் அவன் தங்கை. அன்றைக்கு எங்கள் விமானம் எதுவும் பறக்கவில்லை என்று இங்கே தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான்.'

அமல்ராணி அதை இரண்டு தடவை படித்தாள். அந்த அண்ணன்காரன் மேல் ஆத்திரம் வந்தது. ஏணியில் பாதி இறங்கியவனைக் கொன்றவன். நியாயமான ஆத்திரம்தான், வரட்டும் என்று விட்டாள். அது வந்து, கொஞ்ச நேரம் இருந்து, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. அவன் உடலும் கிடைத்திருக்காது. அவன் பறக்கவே இல்லை என்று எழுதியாகிவிட்டது. பறக்காதவனுக்கு எப்படிப் பூசை வைப்பார்கள்? அந்த வீட்டிலும் யாராவது தபால்காரருக்காக வாசலில் நின்றுகொண்டிருப்பார்களோ என்னவோ. ஒன்பது நாடுகளில் அந்தப் பத்தியைப் படித்த ஒரே ஆள் அந்தப் பெண். படித்ததோடு நிற்காமல், சரிபார்க்கவும் செய்திருக்கிறாள்.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து திண்டிவனத்துப் படியை எடுத்தாள். நாற்பத்தொன்றாம் பத்தியில் 'மூன்று' என்பதைப் பேனாவால் அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதினாள். அதன் பக்கத்தில், 'மூன்று திரும்பின' என்று சின்ன எழுத்தில் சேர்த்தாள்.

வருஷக் கடைசித் தணிக்கையில், முத்திரையிட்ட ஆவணத்தில் ஒரு பேனாத் திருத்தம் இருப்பதை டாக்டர் சக்கரபாணி கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு வந்த கோபத்தை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. ஒன்பது நாடுகள் ஏற்றுக்கொண்ட ஒரு வாசகத்தில் ஒரு தட்டச்சாளர் தன் இஷ்டத்துக்குக் கை வைப்பதா என்று கேட்டு, இருபத்துநாலு மணி நேரத்தில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ கொடுத்தார்.

அமல்ராணி விளக்கத்தை அங்கேயே உட்கார்ந்து அடித்தாள். ஒரே வரி. 'எண்ணிக்கை மூன்று என்று இருந்தது தவறு. நான்கு என்பதே சரி என்று உறுதியாகத் தெரியவந்ததால் திருத்தினேன்.'

அவர் அதை வாங்கிக் கவனமாகப் படித்தார். எண்ணிக்கைப் பிழை என்றால் சரி, எழுத்துப் பிழை என்றால்தான் ஒன்பது நாடுகளின் சம்மதம் வேண்டும் என்றார். ஓரத்தில் 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எது மூன்று, எது நான்கு என்று அவர் கேட்கவில்லை.